பன்னிரண்டு பேருக்கும் ஒரு வலியும் இல்லை

சும்மா கிடைக்கிற எதையும் அவள் நம்பமாட்டாள். கடைக்காரர் ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாகப் போட்டால், வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் அறுத்துப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சிரித்துப் பேசினால், மூன்றாம் நாள் என்ன கேட்டு வரப்போகிறாள் என்று யோசித்து, இல்லை என்று சொல்லத் தயாராக இருப்பாள். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால், சொன்னவன் குடை விற்கிறவனா என்று விசாரிக்கிற ரகம். அலுவலகத்தில் அவளுக்கு சிஐடி அக்கா என்று பட்டப்பெயர். அதை வைத்தது யார் என்றும் மூன்றே நாளில் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்தொரு வருஷம் ஒரே அறையில், ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்து டைப் அடித்ததில் போயிற்று. ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் கைப்பட எழுதிய நோயாளிக் குறிப்புகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் படித்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. மொத்தம் பன்னிரண்டு பேர். டாக்டர்களின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பதினொரு பேரும் பார்த்துக் கைவிரித்த தாள்கள் கடைசியில் இவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு புள்ளி போதும், மருந்தின் பெயரைப் பிடித்துவிடுவாள். "இந்த டாக்டர் காலையில ஒழுங்கா எழுதுவார். மத்தியானம் சாப்பிட்டார்னா எல்லா எழுத்தும் படுத்துக்கும்" என்பாள். எந்த எழுத்தையும் முகத்தைப் பார்த்து நம்பாத புத்தி இந்த வேலைக்குத் தோதாக இருந்தது. அந்த அறையில் அவளுக்கு இருந்த மரியாதை அதனால் வந்ததுதான்.

எட்டு மாதமாக அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது அவளுடைய வலது கை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். தூக்கத்தில் கை எரிந்து எழுந்து உதறுவாள். காலையில் தம்ளரைப் பிடித்தால், பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. அது கீழே விழுந்து உருளும்போதுதான் பிடிக்கவில்லை என்று தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த நோயின் பூர்வோத்தரம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதைப் பற்றி எத்தனையோ டாக்டர்கள் எழுதியதை அவளே டைப் அடித்திருக்கிறாள். முதலில் மரத்துப்போகும், பிறகு பிடி தளரும், கவனிக்காமல் விட்டால் பெருவிரலின் அடிச்சதை கரையும். பல தாள்களில் கடைசி வரி ஒன்றேதான்: வேலையை மாற்றும்படி சொல்லப்பட்டது. அந்த வரியை அடித்து முடித்ததும் மேலே போய் நோயாளியின் பெயரை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வாள்.

எப்படி உட்கார வேண்டும் என்பதும் அந்த அறையில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. முகமில்லாத ஒரு மனிதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், முழங்கை மேஜை மட்டத்துக்கு இருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், திரை கண் உயரத்துக்கு வர வேண்டும் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கும். யாரோ அவனுக்கு மீசை வரைந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் தினமும் நாலு தடவை அதைப் படித்துவிட்டு வந்து, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி, மேஜையில் படுத்திருக்கும் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து டைப் அடிப்பார்கள். நாற்காலிகளை ஏற்றி இறக்க அடியில் ஒரு கைப்பிடி இருந்தது. அதை ஒருத்தரும் தொட்டதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'சேதமானால் உபயோகிப்பவரே பொறுப்பு.' இதைப் படித்த பிறகு கைப்பிடியைத் தொட யாருக்குக் கை வரும்?

கை வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னவள் ஒருத்தி இருந்தாள். இவளுக்குப் பக்கத்து இருக்கையில் பதினாலு வருஷம் இருந்த கண்ணாடிக்காரம்மா. தோள்பட்டை தூக்கமுடியவில்லை என்று ஒருநாள் சூப்பர்வைசர் அறைக்குள் போய்ச் சொன்னாள். ஒரே வாரத்தில் அவளைக் கீழ்த்தளத்து ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். தோள் வலிக்கிறவளுக்குக் ஃபைல் கட்டுகளைத் தூக்கி அலமாரியில் அடுக்குகிற வேலை. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள், அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய நாற்காலி மூலையில் அப்படியே கிடந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது, வீட்டுக்காரரின் தையலை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. அதைவிட, அந்தக் கிறுக்கல்களைப் படிக்காத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சூப்பர்வைசரையும் அவள் அன்றிலிருந்துதான் கண்காணிக்கத் தொடங்கினாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அதுவே அவளுக்கு முதல் சந்தேகம். ஒரு வருஷமாக அவருடைய சட்டைக்கு அடியில், இடுப்பில், ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. யாரிடமாவது பேச நின்றால் அவர் கை முதலில் அங்கேதான் போகும். ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். பேசுவதைப் பதிவு செய்கிற கருவி என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதுமட்டுமில்லை. மத்தியானத்தில் அவர் அறைக்கதவு சாத்தியிருக்கும்போது உள்ளேயிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். யாருடைய லீவு லெட்டரையோ கிழிக்கிறார் என்று நினைத்தாள். ஒருநாள் மாலை அவருடைய குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"பார்த்தியா, கிழிச்சதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடறார்" என்றாள் புயலிடம்.

புயல் என்பது அந்தப் பிரிவிலேயே வேகமாக டைப் அடிக்கிற பெண். இருபத்தாறு வயது. கண்ணாடிக்காரம்மா போனபின் இவளுக்கு அடுத்த மேஜைக்கு மாறி வந்தவள். அக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் அறை நடுவில் வந்து நின்றார். இடுப்பைத் தொட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் வருகிறார், நாற்காலி, மேஜை, திரை எல்லாம் உங்கள் உடம்புக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார், எங்கே வலிக்கிறது என்று ஒரு தாளில் கேட்டிருக்கிறார்கள், மறைக்காமல் எழுதுங்கள் என்றார். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

தாளில் முன்பக்கமும் பின்பக்கமுமாக ஒரு மனித உருவம். வலிக்கிற இடத்தில் வட்டம் போட வேண்டும். கீழே இருபது கேள்விகள். விரல் மரத்துப்போகிறதா என்பது ஏழாவது. அவள் பேனாவை எடுத்தாள், அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போதுதான் தாளின் வலது மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு நம்பர் இருப்பதைக் கண்டாள். பக்கத்துத் தாளில் அடுத்த நம்பர். சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரையும் கூட்டிவிட்டாள்.

"பேர் வேண்டாங்கறாங்க. அப்புறம் நம்பர் எதுக்கு?"

"அச்சடிக்கும்போது வரிசையா விழுறதா இருக்கும்க்கா" என்றாள் புயல்.

"இருக்கும், இருக்கும். கண்ணாடிக்காரம்மாவைக்கூட நல்லதுக்குத்தான் கூப்பிட்டுப் பேசினாங்க. என்ன ஆச்சு? இன்னைக்கு நீ விரல்ல வட்டம் போடு. நாளைக்கு உன் பேரைச் சுத்தி வட்டம் போடுவாங்க."

அது எல்லோருக்கும் நெஞ்சில் போய்த் தைத்தது. யோசனையும் அவளே சொன்னாள். தாள்களை மடித்து ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வது. யார் கையில் எந்த நம்பர் என்று யாருக்கும் தெரியாது. அதோடு விடாமல், இருபது கேள்விக்கும் 'இல்லை' என்றே எழுதுவது. பன்னிரண்டு தாளும் அப்படியே போயின. கழுத்து, தோள், முதுகு, மணிக்கட்டு, எங்கேயும் ஒரு வட்டம் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு பயில்வான்கள் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள்.

மறுநாள் அந்த நிபுணர் வந்தார், ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், கேன்வாஸ் ஷூ, கழுத்தில் மாலையாக ஒரு அளவு டேப். வந்த பத்தாவது நிமிஷம் அளவுக்காரம்மா என்று பெயர் வாங்கிவிட்டாள். மூன்று நாள் இருந்தாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பக்கவாட்டில் போட்டோ எடுத்தாள், முழங்கைக்கும் மேஜைக்கும் நடுவே அளந்தாள், நோட்டில் எழுதினாள். அந்த மூன்று நாளும் அறையைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி, பன்னிரண்டு பேரும் சுவர்ப் படத்து மீசைக்காரனாக உட்கார்ந்திருந்தார்கள். முதுகு சாய்வில், பாதம் தரையில், கழுத்து நேரே. யாராவது குனிந்தால் பக்கத்திலிருப்பவர் தொண்டையைக் கனைப்பார்.

சிஐடி அக்கா பக்கத்தில் வந்தபோது அளவுக்காரம்மா குனிந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மேடம், அதை விட்டுடுங்க. உடைஞ்சா என் தலையில விழும்."

அளவுக்காரம்மா முதுகுப்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள். பிறகு நாற்காலியை நாலு விரற்கடை உயர்த்தினாள், பாதம் தொங்காமலிருக்க இரண்டு பழைய ஃபைல் கட்டுகளைக் கீழே வைத்தாள், படுத்திருந்த தாளை ஒரு அட்டையில் நிமிர்த்தித் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "மணிக்கட்டை மடிக்காம நேரா வெச்சு அடிச்சுப் பாருங்க. இப்போ எப்படி இருக்கு?"

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்தது."

"கை ஏதாவது மரத்துப்போகுதா?"

"எனக்கா? சேச்சே."

சொல்லும்போது நடுவிரல் மரத்துக்கொண்டிருந்தது. அளவுக்காரம்மா அவள் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அந்தப் பார்வையையும் இவள் மனதில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

நாற்காலியைப் பழையபடி இறக்கியிருப்பாள்தான். ஆனால் கண்காணிக்கிறார்கள் என்ற பயத்தில் தொடவில்லை. மூன்று நாளும் உயர்ந்த நாற்காலியில், ஃபைல் கட்டின் மேல் கால் வைத்து, மணிக்கட்டை நேராக வைத்து அடித்தாள். நாலாம் நாள் காலை அலாரம் அடித்துத்தான் கண் விழித்தாள். நடுவில் ஒரு தடவைகூட எழுந்து கையை உதறவில்லை. தம்ளரை எடுத்தாள். அது கையில் இருந்தது, கையில் இருப்பதும் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். இவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். முதலில் குணமாக்குகிற மாதிரி காட்டுவது, மனசு இளகி நாமாகவே வாயைத் திறப்போம், திறந்ததும் பிடித்துக்கொள்வது. இதுதான் திட்டம். அளவுக்காரம்மா மேல்மாடிக்குப் போனதும், நாற்காலியை இறக்கி, கட்டுகளைத் தள்ளி, தாளைப் பழையபடி மேஜையில் படுக்க வைத்துவிட்டாள். இவளுக்கு மட்டும் அது தேவைப்படுகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. இரண்டாம் நாள் கை பழைய கையாகிவிட்டது.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. மேல்மாடித் தொலைபேசிப் பிரிவுக்குப் புது நாற்காலி, கால் வைக்கும் பலகை, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷ ஓய்வு. அங்கே இருக்கிறவர்கள் உடம்பு முழுக்க வட்டம் போட்டிருந்தார்களாம். டைப் பிரிவைப் பற்றி ஒரே வரி: பன்னிரண்டு பேருக்கும் எந்த வலியும் இல்லை, உட்காரும் முறையும் சரியாக இருக்கிறது, மாற்றம் தேவையில்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பன்னிரண்டு பேரும் கூட்டாகச் செய்திருந்தார்கள். இருந்தும் சிஐடி அக்கா அசரவில்லை. "வேலை இருக்குல்ல, அது போதும்" என்றாள்.

அன்று மத்தியானம் கழிப்பறைப் பக்கம் போனபோது, கை கழுவும் தொட்டியருகே புயல் நின்றிருந்தாள். குழாயைத் திறந்து வலது மணிக்கட்டைத் தண்ணீரில் பிடித்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த கைப்பையிலிருந்து ஒரு மணிக்கட்டுப் பட்டை எட்டிப் பார்த்தது.

"என்னடி இது?"

"பெருவிரலை மடக்க முடியலக்கா. நாலு மாசமா." துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல மட்டும் இதைப் போட்டுக்குவேன். இங்க போட்டா யாராவது பார்த்துடுவாங்கன்னு."

"என்கிட்டகூட சொல்லலையே."

"உங்ககிட்டயா? நீங்கதானே சொன்னீங்க, வட்டம் போட்டா பேரைச் சுத்தி வட்டம் போடுவாங்கன்னு. நான் அந்தத் தாள்ல விரல்மேல வட்டம் போட்டுட்டேன்க்கா. அப்புறம் நீங்க சொன்னதும் அதைக் குடுக்காம, மாடிக்குப் போய் வேற தாள் வாங்கிட்டு வந்துதான் பையில போட்டேன்."

ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, பக்கத்து மேஜையில் இருக்கிற பெண்ணின் விரல் மடங்கவில்லை என்பது நாலு மாதமாகத் தெரியவில்லை. இருபத்தாறு வயது. தனக்காவது இருபது வருஷம் ஓடிய பிறகு வந்தது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்க அவசரமாகத் தானும் குழாயைத் திறந்து கை கழுவினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் எரிச்சலில் இருந்தார். முன்னறைதான் அவருடைய தையற்கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரில் வெட்டிய துணிகள், மேஜையில் ஒரு புதுச் சட்டை கிடந்தது.

"அந்த கேபிள்காரன் வந்து சண்டை போட்டுட்டுப் போறான். சட்டை பிடிக்குதாம், பட்டன் போட முடியலையாம்."

"அளவு தப்பா எடுத்துட்டீங்களா?"

"நான் எதுக்குத் தப்பா எடுக்கறேன்? டேப்பைக் கொண்டுபோனதும் தொப்பையை எக்கிக்கிட்டு நின்னான். மூச்சை விடுப்பான்னு சொன்னேன், விட்டுட்டேன்னு சொல்றான். அளவு எடுக்கறவன்கிட்ட வயித்தை எக்கினா யாருக்கு நஷ்டம்? எனக்கா?"

அவள் சட்டையை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே, மீசைக்காரனைப் போல் விறைப்பாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சட்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இது இந்த வாரத்துல எத்தனாவது?" என்றார் அவர், மெஷினைப் பார்த்தபடியே. "தம்ளர், கரண்டி, இப்போ சட்டை. நீயா சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"பக்கத்துல படுக்கறவனுக்குத் தெரியாதா? நானும் உன்கூடத்தான் முழிச்சுக்கிறேன்."

அவள் சட்டையைப் பொறுக்கி எடுத்தாள். அழுகை வந்தது, அழுதாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

மறுநாள் மத்தியானம், மேல்மாடியில் புது நாற்காலிகளைப் பொருத்தி முடித்துவிட்டு, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க அளவுக்காரம்மா கீழே வந்தாள். விட்டால் இனி அவளைப் பிடிக்க முடியாது. சிஐடி அக்கா சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் அடித்தால் யார் அடித்தது என்று பதிவாகிவிடும் என்ற பழைய பயம், கையால்தான் எழுதியிருந்தாள். மூலையில் நம்பர் போடவில்லை. பெயரைப் போட்டிருந்தாள். எழுந்துபோய் நீட்டினாள்.

"மேடம், அன்னைக்கு எழுதினது பொய். இது நிஜம்."

அளவுக்காரம்மா தாளை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. என்னால படிக்க முடியல. நீங்களே படிச்சிடுங்களேன்."

அறையில் பதினொரு கீபோர்டுகளும் நின்றுவிட்டன. அவள் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். இருபத்தொரு வருஷமாக எத்தனையோ பேருடைய கிறுக்கலைப் படித்தவள், முதல்முறையாகத் தன்னுடையதைப் படிக்கப் பார்த்தாள். எழுத்துகள் படுத்துக் கிடந்தன. சுழிகள் பாதியில் நின்றிருந்தன. பேனாவை அழுத்திப் பிடிக்க முடியாத கை எழுதியது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். சூப்பர்வைசரின் கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தாள். பதிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். நோயாளிக் குறிப்பை வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"பெண். வயது நாற்பத்தெட்டு. தொழில் டைப் அடிப்பது. எட்டு மாதமாக வலது கை மூன்று விரல் மரத்துப்போகிறது. தூக்கத்தில் எரிச்சல். பொருட்களைக் கீழே போடுகிறாள். நாற்காலியை உயர்த்தி மணிக்கட்டை நேராக வைத்து மூன்று நாள் வேலை செய்ததில் வலி குறைந்தது. பயத்தால் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களையும் சொல்லவிடவில்லை." தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "வேலையை மாற்ற வேண்டாம். நாற்காலியை மாற்றினால் போதும்."

புயல் தன் மேஜையிலிருந்தே சொன்னாள்: "எனக்குப் பெருவிரல். நாலு மாசம்." ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கழுத்து என்றது. இன்னொன்று முதுகு என்றது. அளவுக்காரம்மா தரையிலேயே பையை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள்.

"அந்த நம்பர் எதுக்கு மேடம்?" என்று சிஐடி அக்கா கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எந்த நம்பர்?"

"தாள் மூலையில இருந்தது."

"அதுவா? எத்தனை தாள் அடிச்சோம்னு அச்சகத்துல போடறது." அளவுக்காரம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "பன்னிரண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்லைன்னு வந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். நீங்களா சொல்லாம நான் என்ன எழுத முடியும்?"

சூப்பர்வைசர் அதுவரை அங்கேயே நின்றிருந்தார். சட்டென்று திரும்பித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேலே போன் போடப் போகிறார், முடிந்தது கதை என்று அவள் நினைத்தாள். உள்ளேயிருந்து 'சர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் வந்தது. கதவு திறந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தவர், கையிலிருந்த அகலமான ஒரு பெல்ட்டை அளவுக்காரம்மாவுக்கு முன்னால் இருந்த மேஜையில் வைத்தார். முதுகுவலிக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது, பிய்த்தால் சத்தம் போடுகிற ஒட்டுப்பட்டை வைத்தது.

"என்னோடதையும் எழுதிக்கோங்க. ஒரு வருஷமாச்சு. இறுக்கிப் பிடிச்சாத்தான் நிக்க முடியுது." சிஐடி அக்கா பக்கம் திரும்பினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தக் கண்ணாடிக்காரம்மாவுக்கு நாற்காலியை மாத்துங்கன்னுதான்மா நான் மேலே எழுதினேன். அவங்க ஆளை மாத்திட்டாங்க. அப்போ நான் வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் எனக்கு வந்தப்போ, எனக்கும் சொல்லப் பயமா இருந்தது."

சிஐடி அக்கா பெல்ட்டைக் கையில் எடுத்தாள். பழக்கதோஷம், உள்ளே ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். ஒயர் இல்லை. ஓரமெல்லாம் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு இடத்தில் தையல் விட்டு, அவரே கோணல்மாணலாக நூல் ஓட்டியிருந்தார். ஒரு வருஷமாக இந்த மனிதர் வலி தாங்காமல் இடுப்பைப் பிடித்த ஒவ்வொரு தடவையும் தான் வாயை மூடிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஓரம் பிஞ்சிருக்கு சார்" என்றாள். "இன்னைக்குச் சாயங்காலம் குடுத்து விடுங்க. எங்க வீட்டுக்காரர் மெஷின்ல ஒரு தையல் போட்டுக் குடுப்பார். காலையில கொண்டாந்துடறேன்."

அவர் சரி என்று தலையாட்டினார். அவள் போய் மூலையில் கிடந்த கண்ணாடிக்காரம்மாவின் நாற்காலியை இழுத்து வந்து, முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்காமலே குனிந்து கைப்பிடியைப் பிடித்து, அவர் உயரத்துக்கு ஏற்றினாள்.